தொடக்க வரியில் சொன்ன சொல்

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஜாவாவில் எழுதிய ஒரு சர்வீஸ் 11, 12 நாளுக்கு ஒருமுறை மூச்சு முட்டி நின்றுவிடும். சிபியூ அமைதியாக இருக்கும். மெமரியிலும் குறை தெரியாது. ஆனால் உள்ளே வரும் கோரிக்கை எதற்கும் பதில் போகாது. லாகைத் திறந்தால் ‘காத்திருந்த நேரம் கடந்துவிட்டது’ என்கிற ஒரே செய்திதான் வரிவரியாக நிற்கும். ஏன் காத்திருந்தது, யாருக்காகக் காத்திருந்தது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு, எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தோம். சர்வீஸைத் தொடங்கும் கட்டளையின் கடைசியில் லாக் அளவை டீபக் ஆக்கும் ஆப்ஷனைச் சேர்த்து, நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினோம். சர்வீஸ் உடனே பளிச்சென்று ஓடத் தொடங்கியது. எல்லோரும் தூங்கப் போனார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நடந்ததை அறிந்த ஒரே சாட்சி, சிக்கிக்கொண்டு நின்ற அந்தப் பழைய ப்ராசஸ். அதைக் கொன்றுவிட்டு, புதிதாகப் பிறந்த ஒன்றிடம் வாக்குமூலம் வாங்கக் காத்திருந்தோம். அது நோய்வாய்ப்பட இன்னும் 12 நாள் ஆகும். 8ஆம் நாளே டீபக் வரிகள் டிஸ்கை நிரப்பி, வேறு விதமாக சர்வீஸைக் கவிழ்த்துவிட்டன.

அன்றிலிருந்து, லாக் எவ்வளவு பேச வேண்டும் என்பதைக் கட்டளை வரியில் சொல்லும் வழக்கத்தை நான் கூர்ந்து பார்த்துவருகிறேன். ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் இருக்கும் இந்தச் சிறு வசதியைக் குறை சொல்ல வேண்டும் என்பதல்ல என் நோக்கம். நன்றாகச் செய்த இடத்தில் இதைப்போல மனிதருக்கு உதவும் வசதி குறைவு. எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே நம்மைக் கைவிடுகிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே தேவை.

நன்றாக இருக்கும் இடத்துக்கு என் மனதில் வரும் முதல் உதாரணம் எஸ்எஸ்எச். தொலைவிலுள்ள கணினியில் நுழைய முயல்கிறீர்கள். அனுமதி இல்லை என்று ஒரு வரியில் கதவை அடைக்கிறது. அதே கட்டளையோடு ‘-வி’ என்று சேர்த்து மறுபடி அடித்தால், எந்த முகவரிக்குப் போனது, எந்தக் கோப்பிலிருந்து அமைப்பை வாசித்தது, எந்தெந்தச் சாவியை நீட்டியது, எதைச் சர்வர் மறுத்தது என்று வரிசையாகச் சொல்கிறது. போதாவிட்டால் ‘வி’யை இரண்டாகவோ மூன்றாகவோ ஆக்கலாம், மூன்றுதான் உச்சம். எந்தக் கோப்பையும் திருத்தவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அடுத்த முறை வெறுமனே அடித்தால் பழைய அமைதி திரும்பிவிடும்.

இதன் பின்னால் நல்ல எண்ணம் ஒன்று இருக்கிறது. நிரல் எழுதுபவர் பகல் வெளிச்சத்தில், எல்லாம் சரியாக இருக்கும்போது எழுதுகிறார். எந்த வரி என்றைக்கு யாருக்குத் தேவைப்படும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் அவர் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு, எவ்வளவு காட்ட வேண்டும் என்ற முடிவை, சிக்கலின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கையில் கொடுத்துவிடுகிறார். முன்பின் தெரியாத ஒருவர் மீது வைக்கும் நம்பிக்கை இது.

பைத்தான் மொழியில் இந்த எண்ணம் எண்களாகவே உருக்கொண்டிருக்கிறது. 2003-இல் வந்த 2.3 பதிப்பில் லாகிங் தொகுதி சேர்ந்தது. டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. எதுவும் சொல்லாவிட்டால் 30-க்குக் கீழே உள்ளவை வாய் திறக்காது. பைத்தானின் வழிகாட்டிக் குறிப்பே, ‘--லாக்’ என்று ஒரு ஆப்ஷன் வைத்து, பயனர் கொடுக்கும் சொல்லை எண்ணாக மாற்றும் முறையைச் சொல்லித் தருகிறது. தெரியாத சொல் வந்தால் பிழை எழுப்பி நிறுத்தவும் சொல்கிறது. ஆனால் ஒரு பொறியும் உண்டு. நீங்கள் இறக்குமதி செய்த ஏதோ ஒரு நூலகம், உங்களுக்கு முன்பே வேர் லாகருக்கு ஒரு கையாளியைப் பூட்டியிருந்தால், அதன்பின் நீங்கள் அழைக்கும் எளிய அமைப்புச் சார்பு ஒன்றுமே செய்யாமல் திரும்பிவிடும், பிழையும் வராது. பயனர் டீபக் என்று கேட்டிருப்பார், திரையில் ஒன்றும் வராது, ‘அப்படியானால் சொல்ல ஒன்றுமில்லை போலும்’ என்று முடிவுகட்டிவிடுவார். 3.8 பதிப்பில்தான், முன்பு பூட்டியதைக் கழற்றிவிட்டு என் அமைப்பை ஏற்றுக்கொள் என்று வற்புறுத்தும் வழி வந்தது. கேட்டும் பேசாத லாக், லாக் இல்லாததைவிட ஆபத்தானது என்றே நான் நினைக்கிறேன். இல்லாதபோது நமக்கு ஐயமாவது மிஞ்சும்.

அளவைச் சொல்வது எளிது. எந்தப் பகுதி எவ்வளவு பேச வேண்டும் என்று சொல்லத் தொடங்கும்போதுதான் ஒரு சிறு மொழியே தேவைப்படுகிறது. அந்த மொழியை அமைத்த விதத்துக்கு உதாரணமாக ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் கதையை நான் பல முறை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 9ஆம் பதிப்புக்கு முன்பு, பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பு எப்படி நடக்கிறது என்று அறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஆப்ஷன்: விவரம் காட்ட ஒன்று, நேரம் அச்சிட ஒன்று, தேதி அச்சிட இன்னொன்று, பொருள்களின் வயதுப் பரவலுக்கு ஒன்று, ஓட்டம் நின்ற நேரத்துக்கு ஒன்று. தேவை எழுந்தபோதெல்லாம் ஒட்டவைத்தவை. எங்கள் தொடக்க ஸ்கிரிப்டில் இவை நான்கு வரி நீளத்துக்குக் கிடந்தன. ஒவ்வொன்றும் யார், எப்போது, எதற்காகச் சேர்த்தது என்று யாருக்கும் தெரியாது; எடுக்கவும் பயம்.

2017 செப்டம்பரில் வெளியான 9ஆம் பதிப்பு இவற்றை ‘-எக்ஸ்லாக்’ என்ற ஒற்றை ஆப்ஷனுக்குள் கொண்டுவந்தது. எதைப் பற்றி, எந்த அளவில், எங்கே எழுத, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் என்னென்ன குறிக்க, கோப்பு எத்தனை, எவ்வளவு பெரிது என்ற எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். குப்பை சேகரிப்பைப் பற்றி இன்ஃபோ அளவில், இந்தக் கோப்பில், நேரத்தோடு என்றால் அவ்வளவுதான். சொல்லாவிட்டால் எச்சரிக்கையும் அதற்கு மேலானதும் மட்டும் வெளிவரும். ஒரு தடவை இலக்கணம் கற்றால் இயந்திரத்தின் எந்த மூலையைப் பற்றியும் கேட்கலாம். வடிவமைப்பு என்ற அளவில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த மாற்றமே இந்த வழக்கத்தின் முதல் பெரிய குறையையும் காட்டிக்கொடுத்தது. பழைய ஆப்ஷன்களில் சிலவற்றைப் புதிய பதிப்பு முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டது. தேதி முத்திரை கேட்கும் ஆப்ஷன் போன்ற சிலவற்றை அடையாளமே தெரியாது என்று சொல்லிவிட்டது. அடையாளம் தெரியாத ஆப்ஷன் வந்தால் ஜாவா இயந்திரம் தொடங்கவே தொடங்காது. லாகில் தேதி வர வேண்டும் என்று யாரோ என்றோ எழுதிவைத்த ஒரு சொல், பதிப்பு மாற்றிய அன்று சர்வீஸையே எழும்பவிடாமல் செய்துவிடும். தெரியாததைக் கண்டும் காணாமல் விடச் சொல்லும் ஆப்ஷனும் இருக்கிறது. அதைப் போட்டால் எழுத்துப்பிழைகளும் சேர்ந்து மறைந்துபோகும்.

இதில் என் நிலைப்பாடு உறுதியானது. கையால் அடித்து உடனே முடியும் கட்டளை, தவறான லாக் ஆப்ஷனைக் கண்டால் உடனே நிற்கட்டும். அடித்தவர் எதிரிலேயே இருக்கிறார், திருத்திக்கொள்வார். ஆனால் மக்கள் நம்பியிருக்கும் சர்வீஸ் ஒன்று, லாக் ஆப்ஷன் புரியவில்லை என்ற காரணத்துக்காக எழும்பாமல் போகக் கூடாது. உரக்க எச்சரித்துவிட்டு, வழக்கமான அளவில் ஓடட்டும். ‘எதுவானாலும் தவறு என்றால் நில்’ என்ற கொள்கையை மதிப்பவர்கள் இதை மறுப்பார்கள். அந்தக் கொள்கை பணம், தரவு, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட அமைப்புகளுக்குச் சரி. மருத்துவக் குறிப்பேட்டில் மை தீர்ந்ததற்காக சிகிச்சையை நிறுத்துவதில்லை.

கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெடீஸ் வேறொரு பாடம் தந்தது. அதன் பாகங்கள் எல்லாம் கூகிளின் ஜிலாகிலிருந்து கிளைத்த கேலாகைப் பயன்படுத்துவதால், அங்கிருந்த ஆப்ஷன்கள் முழுவதும் கூடவே வந்துசேர்ந்தன: லாகை எந்த அடைவில் எழுத, கோப்பு எவ்வளவு பெரிதாகலாம், பிழைத் திரைக்கும் அனுப்பவா என்பவை. 1.23 பதிப்பில் இவற்றுக்கு விடை கொடுக்கப்போவதாக அறிவித்து, 1.26 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவற்றில் முக்கியமானவை அளவைச் சொல்லும் ‘-வி’யும், குறிப்பிட்ட கோப்புக்கு மட்டும் அளவைச் சொல்லும் ‘--விமாட்யூல்’-உம். எவ்வளவு பேச வேண்டும் என்பது நிரலின் பொறுப்பு. பேசியதை எங்கே சேர்த்துவைப்பது என்பது அது ஓடும் சூழலின் பொறுப்பு. 2011 வாக்கில் ஹெரோகு நிறுவனத்தார் எழுதிய பன்னிரு கூறு நெறிமுறையும், லாகை ஓடும் நீரோட்டமாகக் கருதித் திரைக்கு எழுதிவிடுங்கள், சேமிப்பது உங்கள் வேலையல்ல என்று சொன்னது. இந்தப் பிரிவினை சரியானது. கோப்புப் பெயரைத் தொடக்க வரியில் கேட்கும் நிரல்கள், அந்த அடைவு இல்லாத இன்னொரு கணினிக்குப் போகும் அன்று அழுகின்றன.

இனி, சொற்களின் சிக்கல். ‘டீபக்’ என்ற ஒரு சொல் யாருக்குச் சொந்தம்? 2014 ஏப்ரலில் லினக்ஸ் உலகம் இந்தக் கேள்விக்காகக் கோபத்தோடு மோதிக்கொண்டது. லினக்ஸ் கெர்னலுக்கும் ஒரு கட்டளை வரி உண்டு. கணினி எழும்பும்போது அதில் ‘டீபக்’ என்று எழுதினால் கெர்னல் தன் செய்திகளை முழுமையாகத் திரையில் காட்டும். ‘க்வயட்’ என்றால் அடங்கியிருக்கும். அந்த வரியை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். கெர்னல் எழும்பியதும் மற்ற சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டி, அதே வரியில் அதே ‘டீபக்’ என்ற சொல்லைப் பார்த்ததும் தானும் வாய் திறந்தது. அது கொட்டிய செய்திகள் கெர்னலின் லாகை நிரப்பி, கெர்னலைப் பரிசோதிக்க வந்தவர்களின் கணினி எழும்பாமலே போனது. இது பிழை என்று புகார் சொன்னபோது, பொதுச்சொல் எல்லோருக்கும் பொது, முதலில் எடுத்தவருக்குச் சொந்தமல்ல என்று சிஸ்டம்டி பக்கத்திலிருந்து கே சீவர்ஸ் பதில் சொன்னார். கெர்னல் பக்கத்திலிருந்து ஸ்டீவன் ரோஸ்டெட் அந்தச் சொல்லையே மற்றவர் கண்ணில் படாமல் மறைக்கும் திருத்தம் ஒன்றை எழுதினார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், சீவர்ஸிடமிருந்து வரும் நிரலை இனி ஏற்கப்போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்.

அந்தச் சண்டையில் சூடு அதிகம் என்றாலும், அடியிலிருந்த கேள்வி மெய்யானது. நான் ரோஸ்டெட்டின் பக்கம். கெர்னலின் வரியில் கெர்னலுக்காக எழுதிய சொல்லை வேறொருவர் தனக்கானதென்று எடுத்துக்கொள்வது வழக்கத்தை மதிக்காத செயல். அதைவிட, சிக்கிக்கொண்ட மனிதனின் கையிலிருந்த ஒரே விளக்கை அது அணைத்துவிட்டது. முன்னொட்டுச் சேர்த்து ‘சிஸ்டம்டி.லாக்_லெவல்’ என்று தனிப்பெயரில் கேட்கும் வழியே நேர்மையானது. அது சிஸ்டம்டியிலும் இருக்கிறது.

சொல் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாவது இன்னொரு வகை. ஜாவா சட்டகமான ஸ்ப்ரிங் பூட்டில் ‘--டீபக்’ என்று கொடுத்தால், உங்கள் நிரலின் டீபக் வரிகள் எல்லாம் வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வராது. சட்டகத்தின் உள்ளே தேர்ந்தெடுத்த சில லாகர்கள் மட்டும் பேசும். ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இரவு ஒன்றரை மணிக்கு ஆவணத்தை யார் வாசிக்கிறார்கள்?

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. குபெர்னெடீஸோடு பேசும் குபெக்டிஎல் கட்டளையில் ‘-வி’க்கு எண் கொடுக்கலாம். 6 என்றால் எந்த முகவரியைக் கேட்டது என்று காட்டும், 7 என்றால் கோரிக்கையின் தலைப்புகளை, 8 என்றால் உள்ளடக்கத்தை. அந்தத் தலைப்புகளில் ஒன்று, நீங்கள் யார் என்று நிரூபிக்கும் ரகசிய டோக்கன். 2019-இல் இது பாதுகாப்புக் குறையாகப் பதிவாகி, 1.16 பதிப்பில் டோக்கன் மறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 9ஆம் அளவில் இன்னும் கசிகிறது என்று மற்றொரு குறை பதிவானது. எழுதியவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். ‘எல்லாவற்றையும் காட்டு’ என்று கேட்கும் ஆப்ஷனிலேயே இந்த ஆபத்து குடியிருக்கிறது. உதவி கேட்டு அந்த வெளியீட்டை அப்படியே நகலெடுத்து இன்னொருவருக்கு அனுப்புவதுதான் நம் எல்லோரின் பழக்கம்.

ஆப்ஷனை வாசிக்கும் நிரலே ஓட்டையாக இருந்த கதையும் உண்டு. மின்னஞ்சல் அனுப்பும் நிரலான சென்ட்மெயிலின் டீபக் ஆப்ஷனான ‘-டி’க்கு மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தால், கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும் அந்த ப்ராசஸின் நினைவகத்தில் எழுதிவிடலாம் என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். உயர் அதிகாரத்தோடு ஓடும் நிரல் அது.

2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே நூலகத்தில் ஒரு பயங்கரமான ஓட்டை வெளிப்பட்டபோது, இந்த வழக்கத்தின் பலமும் பலவீனமும் ஒரே வாரத்தில் உலகத்தின் கண் முன்னால் வந்தன. லாகில் எழுதப்படும் சரத்தில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைச் சேர்த்தால், எங்கோ உள்ள சர்வரிலிருந்து நிரலைக் கொண்டுவந்து ஓட்ட முடிந்தது. ஆபத்தின் அளவுகோலில் 10-க்கு 10. நூலகத்தை மாற்றிப் புதிதாகக் கட்டி வெளியிட நாள்கள் பிடிக்கும். ஆனால் 2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வைத்திருந்தவர்கள், தொடக்க வரியில் ஒரே ஒரு பண்பைச் சேர்த்து, தேடிப்போகும் பழக்கத்தை நிறுத்தலாம் என்று ஆலோசனை வந்தது. மூலநிரல் கையில் இல்லாதவர்கள்கூடச் செய்யக்கூடிய ஒன்று. நானும் அன்று சர்வர் சர்வராக அந்தச் சொல்லைச் சேர்த்தேன். சேர்க்க ஒரு வரி இருந்ததே என்று நன்றியோடு.

சில நாளிலேயே, குறிப்பிட்ட அமைப்புகளில் அந்த ஆப்ஷன் போதாது என்று தெரிந்து, 2.16 பதிப்புக்கு மாறச் சொன்னார்கள். அதற்குள் ‘முடித்துவிட்டோம்’ என்று பட்டியலில் குறியிட்டவர்கள் பலர். தொடக்க வரி என்பது ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதும் அந்த வாரம் புரிந்தது. ஒரே நிரலை ஒரு சர்வரில் சிஸ்டம்டி கிளப்பும், இன்னொன்றில் யாரோ எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட், மூன்றாவதில் கண்டெய்னர் வரையறை. ஒன்றில் சேர்த்துவிட்டு மற்றதை மறந்தால், அந்த மறதியை எதுவும் காட்டித்தராது. ஓடும் ப்ராசஸ் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றின் கட்டளை வரியையும் பார்த்தால்தான் உண்டு. அப்படிப் பார்க்க முடிகிறது என்பது ஒரு பலம்தான். அதே காரணத்தால், லாக் சேகரிக்கும் இடத்தின் கடவுச்சொல்லை ஆப்ஷனாகக் கொடுத்தால் அந்தக் கணினியில் நுழையும் எவரும் வாசித்துவிடலாம்.

இப்போது அந்த 12 நாள் சர்வீஸுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்த வழக்கத்தின் மீது எனக்கிருக்கும் பெரிய வருத்தம் அங்கேதான். கட்டளை வரியை நிரல் பிறக்கும்போது ஒரே ஒரு முறை வாசிக்கிறது. எஸ்எஸ்எச் போலச் சில நொடி வாழும் நிரலுக்கு அது போதும். மறுபடி ஓட்டினால் அதே பிழை மறுபடி வரும். மாதக்கணக்கில் ஓடும் சர்வீஸின் நோயோ, அந்த மாதங்களில் சேர்ந்த நிலையில்தான் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமென்றால் நிறுத்து என்பது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை.

சில நிரல்களில் ஆப்ஷன் இதற்கும் மேலே போய்ப் பூட்டாகவே மாறிவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் லாக் அளவை அமைப்புக் கோப்பில் எழுதினால், கோப்பைத் திருத்தி மறுவாசிப்புக்குச் சொன்னால் போதும். அதையே சர்வரைக் கிளப்பும் கட்டளையில் எழுதிவிட்டால், கோப்பையும் அது மீறிவிடும். சர்வர் முழுமைக்கும் மாற்ற மறுதொடக்கம் ஒன்றே வழி. கட்டளை வரிக்கே முதல் மரியாதை என்ற விதி, நியாயமாகத் தோன்றினாலும், நீண்ட நாள் ஓடும் நிரலில் நம் கையைக் கட்டிவிடுகிறது.

வேறு வழி இல்லாமல் இல்லை. ரெடிஸைத் தொடங்கும்போதும் லாக் அளவைச் சொல்லலாம், ஓடும்போது ஒரு கட்டளையாலும் மாற்றலாம். பைண்ட் பெயர்ச்சேவையகத்தில் ‘-டி’ என்று தொடங்கியும் கேட்கலாம், ஓடும்போது ஆர்என்டிசி கட்டளை மூலம் அளவை ஏற்றி, வேலை முடிந்ததும் அணைக்கலாம். ஜாவா இயந்திரம் ‘-எக்ஸ்லாக்’கின் ஏறக்குறைய அதே இலக்கணத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜேசிஎம்டி கருவி வழியாகவும் கேட்டுக்கொள்கிறது. பிறக்கும்போதும் வாழும்போதும் ஒரே மொழி. அதனால்தான் அந்த வடிவமைப்பை மேலே அவ்வளவு புகழ்ந்தேன்.

இந்த வழிக்கும் விலை உண்டு. ஓடும்போது ஏற்றிய அளவை இறக்க மறப்போம். யார் ஏற்றியது என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. மாற்றும் வாசலைப் பூட்டாமல் வைத்தால் வெளியாரும் நுழைவார்கள். இந்த மூன்றிலும் கட்டளை வரி மேலானது: எழுதியது கண்ணெதிரே இருக்கிறது, கிட்டில் வரலாறு இருக்கிறது, மறுதொடக்கம் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அதனால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்கச் சொல்ல மாட்டேன். தொடக்க வரி முதல் சொல்லாக இருக்கட்டும், கடைசிச் சொல்லாக வேண்டாம். எழும்பியதும் நிரல் தன் லாக் அளவு என்ன, அதை எங்கிருந்து எடுத்துக்கொண்டது என்று ஒரு வரி எழுதட்டும். ஓடும்போது ஏற்றும் அளவு, கேட்ட நிமிடங்கள் கழிந்ததும் தானாக இறங்கட்டும்.

எங்கள் சர்வீஸ் ஸ்ப்ரிங் பூட்டில் எழுதியது. ஓடும்போது லாகர்களின் அளவை மாற்றும் வாசல் அதில் 1.5 பதிப்பிலிருந்தே உண்டு. எங்களில் யாரும் திறந்து வைக்கவில்லை, அவ்வளவுதான். உள் வலையமைப்புக்கு மட்டும் அதைத் திறந்தோம். தொடக்க வரியிலிருந்து டீபக்கை எடுத்துவிட்டு இன்ஃபோ என்று எழுதினோம். பிறகு தினமும் காலை நாலரை மணிக்கு, கோரிக்கையே இல்லாத நேரத்தில், தரவுத்தள இணைப்புகளைக் காக்கும் ஹிகாரி என்ற ஒரே ஒரு தொகுதியை மட்டும் இரண்டு நிமிடம் டீபக்கில் வைத்தேன். 30 நொடிக்கு ஒருமுறை, மொத்தம் எத்தனை இணைப்பு, எத்தனை வேலையில், எத்தனை சும்மா என்று அது ஒரு வரி எழுதும். முதல் நாள் வேலையில் இருந்தவை 0. மூன்றாம் நாள், யாருமே இல்லாத அந்த நேரத்தில், 2. ஐந்தாம் நாள் 4. இருந்தவை மொத்தம் 10. ஒவ்வொரு எண் ஏறிய நாளிலும் இன்ஃபோ லாகில் ஒரே வகையான பிழை ஒன்று இருந்தது. அந்தப் பிழை நேரும்போது, கடன் வாங்கிய இணைப்பைத் திருப்பித் தராமல் வெளியேறும் ஒரு பாதையை, ஆறாம் நாள் காலை நிரலில் கண்டுபிடித்தோம். சர்வீஸ் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.